நாலு காற்று ஓட்டைகளும் ஓர் ஓகஸ்ட் மழையும்

1

ஐந்து வருடங்களுக்கு முன்பு, ஓர் ஓகஸ்ட் மாதத்துப் பட்டப்பகலில், என் மனைவியையும் மகளையும் ஒரு வான் வண்டிக்குள் அடைத்துக் கொல்லப் பார்த்தவன் நான். வேண்டுமென்று செய்யவில்லை. வேண்டுமென்று செய்திருந்தால் அவ்வளவு நேர்த்தியாக வந்திருக்காது. நான் திட்டமிட்டுக் கைவைத்த எந்த வேலையும் ஒழுங்காக முடிந்ததில்லை.

இதை ஊரில் இருப்பவர்களுக்கு இதுவரை எழுதவில்லை. ‘நாங்கள் எல்லோரும் நல்ல சுகம்’ என்று கடிதத்தில் எழுதுவதோடு சரி. அந்த வாரம் போட்ட கடிதத்திலும் அப்படித்தான் எழுதினேன். இப்போது எழுதக் காரணம், போன ஞாயிற்றுக்கிழமை மகள் நிரோ ரெலிபோன் எடுத்தாள். வடக்கே ஒரு பல்கலைக்கழகத்தில் முதலாம் வருடம் படிக்கிறாள். சிநேகிதிகள் நாலு பேருடன் காம்பர் வான் ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொண்டு ஸ்கொட்லாந்து போகிறாளாம். அனுமதி கேட்கவில்லை, தகவல் சொன்னாள். “சரியம்மா, கவனம்” என்று சொல்லி ரிசீவரை வைத்துவிட்டு அப்படியே மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன்.

காம்பர் வான் என்பது என்னவென்று தெரியாதவர்களுக்கு: ஒரு வானுக்குள் கட்டில், காஸ் அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, அலுமாரி எல்லாம் வைத்து, நிமிர்ந்தால் தலை இடிக்கும்படி ஒரு கூரையும் போட்டிருப்பார்கள். வெள்ளைக்காரர் வருடம் முழுக்க உழைத்து வாங்கிய வீட்டைப் பூட்டிவிட்டு, விடுமுறைக்கு இதற்குள் போய் ஒருவர் முழங்காலில் ஒருவர் இடித்துக்கொண்டு இருப்பார்கள். அதை ஓய்வு என்று சொல்வார்கள்.

2

எனக்கு அந்த ஓய்வு தேவைப்பட்டதற்குக் காரணம் நிரோவின் பள்ளிக்கூடம்.

அப்போது அவளுக்குப் பதின்மூன்று வயது. பெற்றோரும் ஆசிரியரும் சந்திக்கும் மாலை ஒன்றுக்குப் போயிருந்தேன். மனைவி தேவிக்கு அன்று ஷிப்ட். ஆங்கிலப் பாட ரீச்சர் என்னைக் கண்டதும் முகம் மலர்ந்து, “வேல்ஸில் உங்கள் காம்பிங் பயணம் பற்றி நிரோ எழுதியதை வகுப்பில் வாசித்துக் காட்டினேன். உங்கள் மனைவியைப் பசு துரத்தியதாமே!” என்றார்.

நாங்கள் வேல்ஸுக்குப் போனதில்லை. அந்த விடுமுறையில் நாங்கள் போனது மூன்று கலியாணம், ஒரு பெண்பிள்ளையின் சாமத்தியச் சடங்கு, லண்டன் ஆர்ச்வே முருகன் கோயில் ஆகியவற்றுக்குத்தான். ரீச்சர் பதிலுக்குக் காத்திருந்தார். என் மகள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காது மடல் சிவந்திருந்தது.

“ஓம். பெரிய பசு” என்றேன்.

பஸ்ஸில் வீடு திரும்பினோம். நாங்கள் இறங்கும் ரெய்னர்ஸ் லேன் நிறுத்தம் வரப்போகும் நேரம் அவள் ஜன்னலைப் பார்த்தபடியே, “எல்லாரும் எங்கயோ போயினமப்பா. நாங்கள் கலியாண ஹோல் ஹோலாத்தான் போறம்” என்றாள்.

ஊரை விட்டு ஓடி வந்தபோது கூட எனக்கு அந்தப் பயம் வரவில்லை. இந்தப் பிள்ளை எங்களை விட்டு, எங்களைவிட நல்ல ஒரு குடும்பத்தை எழுதிவைத்துக்கொண்டு அதற்குள் குடிபோய்க்கொண்டிருக்கிறாள் என்ற பயம். அதில் ஒரு தகப்பன் இருக்கிறான். அவன் வான் ஓட்டுவான், பசுவை விரட்டுவான். அவன்மேல் எனக்கு எரிச்சலாக இருந்தது. அடுத்த நாள் காலை நான் அவனாக மாறுவதென்று முடிவெடுத்தேன்.

விடுமுறைக்குக் காம்பிங் போவோம் என்றேன். தேவி அரிசி களைவதை நிறுத்தவில்லை.

“சனம் அடிச்சுப் பிடிச்சு முகாமிலயிருந்து வீட்டுக்கு வரப் பாக்குது. நீங்கள் வீட்டிலயிருந்து காம்புக்குப் போறியள்.”

“இது வேற, தேவி. இது விருப்பத்துக்குப் போறது.”

“பள்ளிக்கூட வகுப்பறையில ஆறு குடும்பத்தோட இருபது நாள் கிடந்தம். கக்கூசுக்கு வரிசையில நிண்டம். அதை இப்ப விருப்பத்துக்கோ?”

அந்த வரிசையில் அவளுக்கு முன்னால் நின்றவன் நான்தான்.

3

வானைத் தந்தவர் பிரான்சிஸ் அண்ணை. மன்னார்ப் பக்கத்து ஆள். நான் காசாளராக வேலை செய்யும் பெற்றோல் ஷெட்டில் அவரும் வேலை. ஒவ்வொரு வருடமும் குடும்பத்தோடு பிரான்சுக்கு லூர்து மாதாவிடம் போவதற்காகப் பழைய காம்பர் வான் ஒன்று வைத்திருந்தார். கண்ணாடிக்குக் கீழே மாதா சுரூபம் ஒட்டியிருந்தது. தேவி அதற்குப் பக்கத்திலேயே ஒரு திருநீற்றுப் பொட்டலத்தையும் செருகி வைத்தாள்.

“தம்பி, மூண்டு தரம் மாதாட்டப் போய்வந்த வான். நீர் சைவமெண்டு பாத்துக் குழப்படி செய்யாது” என்றார் அண்ணை. பிறகு ஒவ்வொன்றாகக் காட்டினார். தண்ணீர் இங்கே, கரண்ட் வயர் அங்கே, காஸ் சிலிண்டர் இந்தப் பெட்டிக்குள். “அடுப்பு எரியேக்க ஜன்னலைத் திறந்து விடும். வான் சின்னன், காத்து வேணும். விளங்கினதோ?”

“ஓமண்ணை” என்றேன். விளங்காதபோதும், கேட்காதபோதும், வாகனத்தின் அகலத்தைப் பார்த்துக் கலங்கிப்போயிருக்கும்போதும் நான் சொல்லும் சொல் அது. வானோடு ஒரு கைந்நூலும் தந்தார். நான் வாசிப்பில் பெயர் போனவன். இரவு வேலையில் மகாகாவியங்களை எல்லாம் முடித்தவன். அந்த நாற்பது பக்கக் கைந்நூலை மட்டும் வாசிக்கவில்லை. அதில் நடை சரியில்லை.

ஸ்கொட்லாந்து, வேல்ஸ் எல்லாம் முதல் தடவைக்கு வேண்டாம் என்று எனக்குள் இருந்த கோழை சொன்னான். விசாரித்ததில், லண்டனின் தென்கிழக்கு ஓரத்திலேயே மரங்களுக்கு நடுவே ஒரு காம்பிங் தளம் இருந்தது. ஹொலன்டிலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் லண்டன் பார்க்க வருகிறவர்கள் வானை அங்கே விட்டுவிட்டு பஸ்ஸில் நகரத்துக்குப் போவார்கள். நாங்கள் லண்டனிலிருந்து லண்டனுக்குப் போனோம். நிரோ புதிய கொப்பி ஒன்றைப் பையில் வைப்பதைக் கண்டேன்.

ரெய்னர்ஸ் லேனிலிருந்து அங்கே போய்ச் சேர மூன்று மணித்தியாலம். ஒவ்வொரு பாலமும் என் தலையை மட்டும் குறிவைத்துத் தாழ்வது போலிருந்தது. பின்னால் ஹோர்ன் அடித்தவர்கள் எல்லோரும் என் பெயர் தெரிந்தே அடிப்பது போலிருந்தது. முதலாவது ரவுண்டபவுட்டில் திரும்பியபோது, அலுமாரிக் கதவுகளுக்குக் கொளுவி போடவேண்டும் என்று தெரியாததால், சட்டி, பானை, கோப்பை எல்லாம் ஒரேயடியாகத் தகரத்தில் வந்து விழுந்தன. ஷெல் விழுந்த சத்தம். கண்ணாடியில் பார்த்தேன். தேவியைக் காணவில்லை. தரையில் குப்புறப் படுத்து, இரண்டு கையாலும் தலையை மூடியிருந்தாள்.

நிரோ முதலில் சிரித்தாள். பிறகு தாயின் முகத்தைக் கண்டு சிரிப்பை நிறுத்தினாள். நான் வானை ஓரத்தில் நிறுத்தியதும் பின்னால் போய் ஒவ்வொரு கதவுக்கும் அவளே கொளுவி போட்டாள்.

4

தளத்தின் பொறுப்பாளர் அறுபது வயதளவில் ஓர் ஆங்கிலேயப் பெண்மணி. மழைக்கோட்டு, முழங்கால்வரை சப்பாத்து, கையில் மட்டையில் செருகிய காகிதங்கள். கையெழுத்து வாங்கும்போது, “தொலைவிலிருந்தா வருகிறீர்கள்?” என்று கேட்டார். “ரெய்னர்ஸ் லேன்” என்றேன். என்னை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்துவிட்டு, விதிமுறைகள் அச்சடித்த தாள் ஒன்றைத் தந்தார். பதினேழு விதிகள்.

எங்கள் பிரஜாவுரிமை விண்ணப்பம் அப்போது இரண்டு வருடமாக ஏதோ ஒரு மேசையில் கிடந்தது. அந்த இரண்டு வருடமும் நான் சிவப்பு விளக்கில் றோட்டைக் கடக்கவில்லை, லைப்ரரிப் புத்தகத்தை ஒரு நாள் பிந்திக் கொடுக்கவில்லை. மட்டையும் காகிதமும் வைத்திருக்கும் எவரைக் கண்டாலும், பச்சை விளக்குக்குக் காத்திருந்து றோட்டின் மறுபக்கம் போய்விடுவேன். பதினேழு விதிகளையும் இரண்டு தரம் வாசித்தேன். காற்றோட்டம் பற்றி அதில் ஒன்றும் இல்லை. உடுப்புக் காயப்போடக் கூடாது என்று இருந்தது.

வானை நிறுத்திய கையோடு மழை தொடங்கியது. நிரோவுக்கு இரண்டு நாளாகத் தடிமன்; மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. இங்கேதான் நம்மவர்களின் ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும்.

லண்டனில் தமிழர் வீடு எதற்குள் போனாலும், சாமிக் கலண்டர் தொங்கும் இடத்தைக் கவனியுங்கள். அதற்குப் பின்னால் சுவரில் காற்று வர ஓர் ஓட்டை இருக்கும். அதைக் கட்டியவன் காற்றுக்காக வைத்தான். நாங்கள் பழந்துணியை அடைத்து, செலோ ரேப் ஒட்டி, அதன்மேல் பிள்ளையாரையோ லட்சுமியையோ மாட்டுவோம். இந்த நாட்டுக்கு வந்த முதல் குளிரில், ஓர் அறையில் ஏழு பேர் இருந்தபோது கற்றுக்கொண்ட வித்தை. குளிர்காற்று பிள்ளையின் நெஞ்சில் பிடித்தால் சளி, சளி முற்றினால் காய்ச்சல் என்பதில் எங்களுக்கு எந்தச் சந்தேகமும் கிடையாது. சுவரில் பூஞ்சணம் பிடிக்கிறது என்று கவுன்சில்காரர் வந்து சொன்னால், தலையாட்டிவிட்டுக் கலண்டரை நேராக்கி விடுவோம்.

வானுக்குள் அப்படிப்பட்ட ஓட்டைகள் நாலு இருந்தன. தரையில் இரண்டு, கதவடியில் ஒன்று, கூரையில் ஒன்று. அவற்றால் காற்று சீறிக்கொண்டு வந்தது. இவ்வளவு பெரிய குறையோடு அண்ணை எப்படி பிரான்ஸ் வரை போய்வந்தார் என்று ஆச்சரியப்பட்டேன். நான் வீட்டில் உடுத்தும் பழைய சாரம் ஒன்றைக் கிழித்து நாலையும் அடைத்தேன். மேலே செலோ ரேப் ஒட்டினேன். தரை ஓட்டைக்குப் பக்கத்தில் சிறிய எழுத்தில் ஏதோ எச்சரிக்கைத் தகடு இருந்தது. ரேப் அதன்மேலும் போயிற்று.

“இப்ப பாரும், வீடு மாதிரி இருக்கு” என்றேன் தேவியிடம்.

“ஓம், இப்ப கொஞ்சம் இதமா இருக்கு” என்றாள். அந்தப் பயணத்தில் நான் செய்த ஒரு வேலையை அவள் பாராட்டியது அப்போதுதான்.

5

தேவி சோறும் பருப்பும் கத்தரிக்காய்க் குழம்பும் வைத்தாள். இரண்டு அடுப்பும் எரிந்தன. பக்கத்து வானில் இருந்த ஹொலன்ட்காரர் மழையை ரசித்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தார்கள்.

“அப்பா, ப்ளீஸ், கேர்ட்டினை மூடுங்கோ. நாங்கள் கையால சாப்பிடுறதை அவை பாக்கினம்” என்றாள் நிரோ. மூடினேன்.

சாப்பிட்டு முடிந்ததும், குளிருக்கு இருக்கட்டும் என்று அடுப்பை அணைக்காமல் விட்டேன். நிரோ கொப்பியைத் திறந்து இரண்டு வரி எழுதினாள். பிறகு நெற்றியைப் பிடித்துக்கொண்டு, தலை இடிக்கிறது என்று சொல்லிவிட்டுக் கட்டிலில் சரிந்தாள். தேவி தனக்கும் தலையிடி என்றாள். மூன்று மணித்தியாலம் என் ஓட்டத்தில் வந்த யாருக்கும் அது வரும் என்றாள். ஜன்னல் கண்ணாடியில் உள்ளே தண்ணீர் கோடு கோடாக வழிந்தது. நீலமாக எரிந்த அடுப்புச் சுவாலை நுனியில் மஞ்சளாகி மெல்ல ஆடியது. குத்துவிளக்குப் போல அழகாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு அதைப் பார்த்தபடி இருந்தேன். இன்றைக்கும் நித்திரையில் என்னைத் திடுக்கிட்டு எழும்ப வைப்பது அந்த மஞ்சள்தான்.

அப்போது யாரோ கதவைத் தட்டினார்கள்.

திரைச்சீலையின் ஓரத்தால் பார்த்தேன். மழைக்கோட்டு; கையில் மட்டை. பதினேழு விதிகளும் ஒன்றன்பின் ஒன்றாக என் தலைக்குள் ஓடின. எதை மீறினோம்? குழம்பு வாசமா? ஹொலன்ட்காரர் முறையிட்டார்களா? மட்டையில் என் பெயர் ஏறும், அது எங்கேயோ போகும், அந்த மேசையில் கிடக்கும் விண்ணப்பத்தின்மேல் போய் விழும்.

ஊரில் கடைசி இரண்டு வருடமும் கதவு தட்டுப்பட்டால் நாங்கள் மூச்சுவிட மாட்டோம். தட்டுகிறவன் எந்தப் பக்கத்து ஆள் என்று தெரியும்வரை வீட்டில் ஆளில்லை. உதட்டில் விரலை வைத்துத் தேவியைப் பார்த்தேன். அவள் ஏற்கனவே அசையாமல் உட்கார்ந்திருந்தாள். எங்களுக்கு ஒத்திகை தேவையில்லை.

மறுபடியும் தட்டல். இந்த முறை பலமாக.

“உள்ளே இருக்கிறீர்கள் என்று தெரியும். வெங்காயம் பொரிந்த மணம் வருகிறது” என்றது குரல்.

நான் தலையை ஆட்டினேன். வேண்டாம். போய்விடும். போகும்வரை பொறுத்தால் போதும். அப்படிப் பொறுத்துத்தான் இவ்வளவு காலம் உயிரோடு இருக்கிறோம். மூன்றாம் தடவை உள்ளங்கையால் தகரத்தில் அடித்தார். வான் முழுக்க அதிர்ந்தது. அலுமாரிக்குள் கோப்பைகள் கிலுங்கின.

தேவி கதவைப் பார்க்கவில்லை. கட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இஞ்சருங்கோ,” என்றாள் மிக மெல்லமாக. “இவள் ஏன் எழும்பேல்லை?”

பக்கத்து அறையில் நான் பேப்பர் புரட்டினாலே விழித்துக்கொண்டு சண்டைக்கு வரும் பிள்ளை.

“நிரோ” என்றேன். “நிரோ!” தோளைப் பிடித்து உலுக்கினேன். தலை ஒரு பக்கம் சரிந்தது. கன்னம் இரண்டும் நல்ல சிவப்பாக, ஆரோக்கியமான பிள்ளையின் கன்னம் போல இருந்தன. வாய் சற்றுத் திறந்திருந்தது. நான் எழும்பப் பார்த்தேன். முழங்கால் மடிந்து, அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். அப்போதும், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், என் வாயில் வந்த வார்த்தை: “கதவைத் திறக்காதையும்.”

தேவி என்னைத் தாண்டிப் போய்க் கதவைத் திறந்தாள்.

6

அதன்பிறகு எல்லாம் துண்டு துண்டாகத்தான் ஞாபகம். அந்தப் பெண்மணி உள்ளே ஒரு தடவை மூச்சை இழுத்தார். மட்டையை மழையில் எறிந்தார். அறுபது வயதுப் பெண் என் மகளைக் கக்கத்தில் பிடித்து இழுத்துப் புல்லில் கிடத்தினார். ஹொலன்ட்காரர் ஓடிவந்து காஸை மூடினார். தேவி மழையில் முழந்தாளிட்டு நிரோவின் காலைத் தேய்த்தாள். ஆர்ச்வே முருகனையும் வானுக்குள் இருந்த மாதாவையும் மாறி மாறிக் கூப்பிட்டாள். நான் நாலு கால்களில் ஊர்ந்துவந்து பக்கத்தில் நின்றேன். அந்தப் பிள்ளையின் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்தேன். ஏறுவது போலவும் இருந்தது, மழைத்துளி விழுந்து சட்டை அசைவது போலவும் இருந்தது. எவ்வளவு நேரம் என்று சொல்ல ஏலாது. நான் இந்த நாட்டில் இருந்த காலம் முழுவதையும்விட அது நீளம்.

அம்புலன்சில் ஒக்சிஜன் முகமூடி போட்டுக் கொண்டுபோனார்கள். ஆஸ்பத்திரி வாசலில் அவள் கண்ணைத் திறந்து, முகமூடியைத் தள்ளி, என் சப்பாத்தின்மேல் வாந்தி எடுத்தாள். அந்தச் சப்பாத்தை இன்னும் எறியவில்லை.

இளம் டாக்டர் ஒருவர் படிவத்தோடு வந்தார். காற்றில்லாமல் எரிந்த அடுப்பின் நச்சுக் காஸ் மூவரின் இரத்தத்திலும் ஏறியிருக்கிறது என்றார்.

“காற்றுத் துவாரங்களை அடைத்தது யார்?”

“நான்.”

“ஏன்?”

“குளிர்.”

“இது ஓகஸ்ட்.”

“ஓம். ஓகஸ்ட் குளிர்.”

அவர் என்னைப் பார்த்தார். பிறகு வெளியே போனார். திரும்பும்போது கூடவே ஒரு பொலிஸ்காரர் வந்தார். அந்த உடுப்பைக் கண்டதும் நான் எழுந்து நின்றேன். கை தானாகச் சட்டைப்பைக்குள் அடையாள அட்டையைத் தேடியது. அப்படியோர் அட்டை இந்த நாட்டில் கிடையாது. அவர் மரியாதையாகத்தான் பேசினார். என்னைத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டுத் தேவியிடம் தனியாகக் கேட்டார். வீட்டில் ஏதாவது பிரச்சினையா, உங்கள் கணவர் இதைத் தெரிந்து செய்தாரா?

தேவியின் ஆங்கிலம் தொழிற்சாலையில் படித்தது. அதில் வீண் சொல் இருக்காது.

“மை ஹஸ்பண்ட் குட் மேன்,” என்றாள். கொஞ்சம் யோசித்தாள். “நோ பிரெய்ன்.”

பொலிஸ்காரர் இரண்டையும் எழுதிக்கொண்டார்.

அடுத்த நாள் மத்தியானம் மூவரையும் வீட்டுக்கு விட்டார்கள். நிரோ பின் சீற்றில் தாயின் மடியில் படுத்திருந்தாள். நான் முன்னாலிருந்து ஒவ்வொரு நிமிடமும் திரும்பிப் பார்த்தேன். “அப்பா, ஐம் அலைவ். முன்னுக்குப் பாருங்கோ” என்றாள். வண்டியை ஓட்டியது மினிகாப்காரர். நான் முன்னுக்குப் பார்க்க வேண்டிய தேவை ஒன்றும் இருக்கவில்லை.

வீட்டுக்குள் போனதும் கலண்டர்களைக் கழற்றி, பின்னால் அடைத்திருந்த துணிகளைப் பிடுங்கினேன். குளிர்காற்று உள்ளே வந்தது. தேவி போர்வையை எடுத்து நிரோவுக்குப் போர்த்திவிட்டாள்.

7

வானை எடுத்துவர மூன்றாம் நாள் பஸ்ஸில் தனியாகப் போனேன். இதற்கிடையில் எங்களைக் காப்பாற்றியதற்கு இரண்டு கட்சிகள் உரிமை கோரியிருந்தன. மழைக்குள் அந்த மனுசியை அனுப்பியது முருகன் என்று தேவி நூற்றெட்டுத் தேங்காய் நேர்ந்திருந்தாள். தன் வானுக்குள் எந்தத் தெய்வம் இருந்ததென்று ஒருக்கால் யோசித்துப் பாரும் தம்பி என்று பிரான்சிஸ் அண்ணை சொல்லியிருந்தார். நான் நடுவில் நின்றேன். ஆனால் ஏதோ ஒன்று அனுப்பியது என்பதில் எனக்கும் ஐயமில்லை.

பஸ்ஸில் போகும்போது ஆங்கிலத்தில் ஒரு நன்றியுரை தயாரித்தேன். படித்ததெல்லாம் அதில் பயன்பட்டது. உலகத்தில் எத்தனையோ கதவுகள், அவற்றைத் தட்டும் எத்தனையோ கைகள், உங்கள் கை மட்டும் எங்கள் மகளைத் திருப்பித் தந்தது என்று போனது. தேவி சுட்ட பயற்றம் பணியாரம் ஒரு ரின் நிறைய மடியில் இருந்தது.

பொறுப்பாளர் அலுவலக அறையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். உரை முழுவதையும் நின்றபடி சொன்னேன். நடுவில் எனக்கே கண் கலங்கியது. அவர் குறுக்கிடாமல் கேட்டார். பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று விசாரித்தார். நல்ல சுகம் என்றேன். முதல் தடவையாக அது உண்மை.

கடைசியில் கேட்டேன்: “அந்த மழைக்குள் வந்து, மூன்று முறை எங்கள் கதவைத் தட்ட வேண்டும் என்று உங்களுக்கு எப்படித் தோன்றியது?”

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். சுவரில் மாட்டியிருந்த புதிய மட்டையை எடுத்து, ஒரு தாளைப் புரட்டி, விரலால் காட்டினார்.

“உங்களுக்கு எழுதியிருந்தது இருபத்திரண்டாவது இடம். நீங்கள் போய் நின்றது பத்தொன்பதில். பெல்ஜியத்திலிருந்து வந்தவர்கள் வாசலில் நனைந்துகொண்டு நின்றார்கள். அதைச் சொல்லத்தான் வந்தேன்.”

பிறகு ஜன்னலால் வெளியே எட்டிப் பார்த்தார்.

“வான் இன்னமும் பத்தொன்பதில்தான் நிற்கிறது.”